சாவி கிடைத்த மறுநாள்



இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, “வாங்கிய ஃப்ளாட்டின் மதிப்பு ஏன் குறைகிறது?” அழைப்பிதழைப் பார்த்துவிட்டு என் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். “மும்பையில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுகிறீரே, இந்த ஊரில் என்றைக்கு வீட்டு விலை இறங்கியிருக்கிறது?” என்றார். இறங்கியிருக்கிறது ஐயா. என் தலையிலேயே இறங்கியிருக்கிறது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

1995. நரிமன் பாயின்ட் அலுவலக வாடகை உலகத்திலேயே உயர்ந்த வாடகைகளில் ஒன்று என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். வீட்டுக் கடன் வட்டி பதினைந்து சதவீதத்தைத் தாண்டி நின்றது. ஆனாலும் எல்லோரும் வாங்கினார்கள். இன்று விட்டால் நாளைக்குக் கிடைக்காது என்ற பயம். நானும் செம்பூரில் ஒரு ஃப்ளாட் வாங்கினேன். 600 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய், மொத்தம் 15 லட்சம். பில்டர் பெயர் வேண்டாம். இப்போது அவரும் இல்லை, அவர் கம்பெனியும் இல்லை.

2001இல் மகளின் படிப்புக்காக விற்கலாம் என்று நினைத்தேன். வாங்க வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை, ஜன்னல் காற்றைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்தார். “பாப்பா, இந்த முனையைக் கொஞ்சம் பிடிம்மா” என்று என் மகளிடமே கொடுத்தார். ஹால், சமையலறை, படுக்கையறை, பாத்ரூம் எல்லாம் அளந்து, சிகரெட் அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டார். 410 சதுர அடி. “ரேட் 2,400 தருகிறேன் சார்” என்றார். நான் வாங்கிய ரேட்டைவிட நூறு ரூபாய்தான் குறைவு! மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். ஆனால் நான் 600ஆல் பெருக்கினேன், அவர் 410ஆல் பெருக்கினார். என் பதினைந்து லட்சம் அவருடைய அட்டையில் ஒன்பது லட்சத்து எண்பத்து நாலாயிரமாக நின்றது.

மீதி 190 சதுர அடி எங்கே போனது? மாடிப்படியில் இருந்தது. லிஃப்ட் குழியில் இருந்தது. சுவரின் கனத்தில் இருந்தது. வாட்ச்மேன் நாற்காலி போட்டுத் தூங்கும் மூலையில் இருந்தது. சந்தையும் அப்போது விழுந்துதான் கிடந்தது, மறுக்கவில்லை. 1995க்குப் பிறகு பல வருடம் மும்பை விலைகள் எழுந்திருக்கவே இல்லை. ஆனால் நான் எல்லாப் பழியையும் சந்தையின் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த மனிதரின் டேப்தான் என் கண்ணைத் திறந்தது. அந்த 190 சதுர அடியின் பணம் 2001இல் விழவில்லை. 1995இல், கையெழுத்துப் போட்ட மேஜையிலேயே போய்விட்டது.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். வாங்கிய பிறகு மதிப்பு குறைகிறது என்கிறோம். அதில் பாதிக்கு மேல் குறைவே அல்ல. இல்லாத மதிப்புக்கு நாம் முதலிலேயே காசு கொடுத்திருக்கிறோம். பிறகு ஒருநாள் யாரோ ஒருவர் டேப்போடு வந்து அதைக் காட்டுகிறார்.

“அதெல்லாம் பழைய கதை, இப்போதுதான் ரேரா வந்துவிட்டதே, உள்ளளவைக் காட்டித்தானே விற்க வேண்டும்” என்பீர்கள். உண்மை. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2017இலிருந்து மகாராஷ்டிரத்தில் அதற்கான மகாரேரா ஆணையம்; கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் ஓட்டையை மூடினால் தண்ணீர் வேறு பக்கம் போகும், இல்லையா? இன்றைய கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு ஃப்ளாட் பதிவு செய்கிறீர்கள். ஜிஎஸ்டி ஐந்து சதவீதம், 5 லட்சம். முத்திரைத் தீர்வையும் மெட்ரோ வரியும் சேர்த்து ஆறு சதவீதம், 6 லட்சம். பெண் பெயரில் வாங்கினால் ஒரு சதவீதம் குறையும். வீட்டு ஆண்கள் இதையாவது யோசியுங்கள். பதிவுக் கட்டணம் 30,000. ஆக, சாவி கைக்கு வரும்போது ஒரு கோடியே பதினோரு லட்சத்து முப்பதாயிரம் கைவிட்டுப் போயிருக்கிறது. மறுநாளே விற்றால் வாங்குகிறவர் இந்தப் பதினோரு லட்சத்து முப்பதாயிரத்தைத் திருப்பித் தருவாரா? தர மாட்டார். அவருக்கு அவருடைய முத்திரைத் தீர்வை இருக்கிறது. இது வீட்டின் மதிப்பில் சேராத பணம். ஆனால் “வீடு எவ்வளவுக்கு வாங்கினாய்?” என்று மைத்துனர் கேட்டால் நாம் அதையும் சேர்த்துத்தான் சொல்வோம்.

இதோடு விட்டதா? மாடி ஏற ஏற ஒரு கட்டணம், தோட்டம் தெரிந்தால் ஒரு கட்டணம், கிளப் ஹவுஸுக்கு ஒரு கட்டணம், காருக்கு ஒரு கட்டணம். கார் நிறுத்தும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தகிசரில் பஞ்சாலி என்று ஒரு சொசைட்டி. அந்த வழக்கில் 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே இருக்கும் இடமும் திறந்தவெளி இடமும் பொதுச் சொத்து, பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது. தீர்ப்புக்கு முன்னால் அதற்குக் காசு கொடுத்தவர்கள் எத்தனை பேர்! சட்டத்தில் இல்லாத ஒரு பொருளை வாங்கியவர்கள்.

கடன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். ஒரு கோடி கடன், எட்டரை சதவீத வட்டி, இருபது வருடம். மாதத் தவணை சுமார் 86,800. முதல் வருடம் நீங்கள் கட்டும் பத்து லட்சத்து நாற்பதாயிரத்தில் அசலில் கழிவது இரண்டு லட்சம்தான். மூன்றாம் வருடம் விற்க வேண்டிய நிலை வந்தால் வீடு பெரும்பாலும் பாங்கினுடையது, நஷ்டம் முழுக்க உங்களுடையது.

அப்படி விற்க வரும்போது உங்களுக்கு முதல் போட்டியாளர் யார் தெரியுமா? உங்களுக்கு விற்ற அதே பில்டர்! அதே காம்பவுண்டில் ‘பி விங்’ எழுப்பிக்கொண்டிருப்பார். புதுப் பெயின்ட், மாதிரி ஃப்ளாட், குளிரூட்டிய அலுவலகம், வந்தவுடன் காபி, தவணைச் சலுகை. நீங்களோ ‘ஏ விங்’கில் மூன்று வருடம் குடியிருந்து, சமையலறைச் சுவரில் எண்ணெய்க் கறை படிந்த வீட்டைக் காட்டுகிறீர்கள். யாரிடம் போவார்கள்?

வாக்குறுதிகளையும் நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். நம் செம்பூருக்கு மோனோ ரயில் வந்தது நினைவிருக்கிறதா? 2014 பிப்ரவரியில் செம்பூரிலிருந்து வடாலா வரை முதலில் ஓடியது. அது வரும் முன்பே, “மோனோ ஸ்டேஷன் இரண்டு நிமிடம்” என்று விளம்பரம் போட்டு அதற்கும் சேர்த்து விலை வாங்கினார்கள். வந்தது, கூட்டம் வரவில்லை. 2025 ஆகஸ்டில் ஒரு மழை நாளில் மைசூர் காலனி பக்கத்தில் வண்டி நடு வானத்தில் நின்று, ஜனங்களைத் தீயணைப்புப் படையினர் ஏணி வைத்து இறக்கினார்கள். அடுத்த மாதம் பராமரிப்புக்காகச் சேவையையே நிறுத்தினார்கள். அந்த ‘இரண்டு நிமிடத்துக்கு’க் கொடுத்த பணத்தை யாரிடம் போய்க் கேட்பது? அதற்காக எல்லா வாக்குறுதியும் பொய் என்று சொல்ல மாட்டேன். 2013இல் திறந்த கிழக்கு ஃப்ரீவே சொன்னபடி வந்தது, சொன்னபடி உதவுகிறது. ஓடுகிற சாலைக்குக் காசு கொடுக்கலாம். படத்தில் இருக்கிற ரயிலுக்கு எதற்கு?

இனி சுவருக்கு வருவோம். கட்டடம் என்பது தேயும் பொருள். வருமான வரிச் சட்டம் அதற்குத் தேய்மானம் கொடுக்கிறது. முத்திரைத் தீர்வைக்காக மகாராஷ்டிர அரசு ஆண்டுதோறும் வெளியிடும் ரெடி ரெக்கனரும் கட்டடத்தின் வயதுக்குத் தக்கபடி கழித்துக்கொள்ளச் சொல்கிறது. ஜப்பானில் வரிக் கணக்குப்படி மர வீட்டின் ஆயுள் 22 ஆண்டு, கான்கிரீட் வீட்டுக்கு 47 ஆண்டு. சட்டமெல்லாம் ஒத்துக்கொண்டதை நாம் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டோம். “என் வீடு புதுசு மாதிரியே இருக்கிறது” என்போம்.

நான் என் சொசைட்டியில் பல வருடம் செக்ரட்டரியாக இருந்தேன். கட்டடத்தின் உறுதியை ஆடிட் செய்ய வந்த என்ஜினியர் ஒருவர் ஒரு சின்னச் சுத்தியலோடு வந்தார். பாத்ரூமுக்குக் கீழ் வீட்டின் கூரையைத் தட்டினார். ‘டங்’ என்று கெட்டியாகக் கேட்டது. ஓர் அடி தள்ளித் தட்டினார். ‘டொப்’ என்றது. பொத்தல் சத்தம். அந்த இடத்தில் மஞ்சளாக ஈரம் படர்ந்து, ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாகக் கொட்டியது. இன்னொரு தட்டு தட்டினார், ஒரு தட்டு அளவுக்குப் பிளாஸ்டர் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி. கம்பியென்று சொல்லக் கூடாது, செம்மண் நிறத்தில் ஊதி, விரலால் உரித்தால் ஏடு ஏடாக வந்தது. மேல் வீட்டுக் குழாய் ஒழுக்கு, நாலு மாத மழை, நம் கழிமுகத்திலிருந்து வரும் உப்புக் காற்று, மூன்றும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு வீங்கிப் பல மடங்கு இடம் கேட்கும். இடமில்லாதபோது கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே இது நடந்துகொண்டிருக்கும்.

இதற்கும் விலைக்கும் என்ன சம்பந்தம்? பெரிய சம்பந்தம். மும்பையில் 30 வயதைத் தாண்டிய கட்டடத்துக்கு ஸ்ட்ரக்சுரல் ஆடிட் கட்டாயம். ‘சி ஒன்’ என்று முத்திரை குத்திவிட்டால் குடியிருக்கவே லாயக்கில்லை, காலி செய்ய வேண்டியதுதான். அந்த நிலைக்கு வரும் முன்பே வேறொன்று நடக்கும். உங்களிடம் வாங்க வருகிறவர் கடன் கேட்டு பாங்குக்குப் போவார். பாங்க் மதிப்பீட்டாளர் கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருட ஆயுள் என்று எழுதுவார். அது கடன் வருடத்தைவிடக் குறைவாக இருந்தால் பாங்க் கையை விரிக்கும். அப்போது யார் மிச்சம்? முழுப் பணத்தையும் கையில் வைத்திருப்பவர் மட்டும். நூறு பேர் வாங்க வந்த இடத்தில் நாலு பேர் நின்றால் விலையைச் சொல்வது நீங்களா, அவர்களா?

அடுத்தது காகிதம். வோர்லியில் காம்பா கோலா காம்பவுண்ட். 1980களில் கட்டிய ஏழு கட்டடங்கள். ஐந்து மாடிக்குத்தான் அனுமதி. அதில் ஒன்று இருபது மாடி வரை போனது. கடல் பக்கம், நல்ல வீடுகள், சுவரில் ஒரு விரிசல் கிடையாது. இருபத்தைந்து வருடம் ஜனங்கள் குடியிருந்தார்கள், கல்யாணம் பண்ணினார்கள், பேரன் பேத்தி எடுத்தார்கள். 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அனுமதியில்லாத மாடிகளை இடிக்கத்தான் வேண்டும் என்றது. 2014 ஜூனில் மாநகராட்சி வந்து அந்த மாடிகளுக்கு மின்சாரம், காஸ், தண்ணீர் எல்லாவற்றையும் துண்டித்தது. முந்தின நாள் கோடிகளில் பேசப்பட்ட வீடு! கேரளத்து மரடு அதைவிடக் கொடுமை. 2020 ஜனவரியில் நாலு அடுக்குமாடி வளாகங்களை வெடி வைத்துச் சில நொடிகளில் தரைமட்டமாக்கியதை நாமெல்லாம் டிவியில் பார்த்தோம்.

நம் ஆட்கள் கேட்கிற கேள்வி, “ஓசி, அதாவது குடியேறுவதற்கான சான்றிதழ், இருக்கிறதா?” அந்தக் கேள்வி பரவிவிட்டது, நல்லது. கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: “கன்வேயன்ஸ் ஆயிற்றா?” ஃப்ளாட் உங்கள் பெயரில், சொசைட்டி எல்லோர் பெயரில், நிலம் யார் பெயரில்? 1963ஆம் ஆண்டு மகாராஷ்டிர ஃப்ளாட் சட்டத்தின் விதிப்படி, சொசைட்டி பதிவான நாலு மாதத்துக்குள் பில்டர் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுக்காமல் இழுத்தடித்தவர்கள் ஏராளம் என்பதால்தான் 2008இல் ‘டீம்டு கன்வேயன்ஸ்’ என்று பில்டரின் கையெழுத்து இல்லாமலே நிலத்தை மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். அந்த வழியில் போக அலுத்துக்கொண்டு எத்தனை சொசைட்டிகள் இன்னும் சும்மா உட்கார்ந்திருக்கின்றன! சுவர் தேய்ந்துகொண்டே போகிறது, தேயாத மண் இன்னொருவர் பெயரில் இருக்கிறது. அப்புறம் உங்களிடம் என்னதான் இருக்கிறது?

மண் என்றதும் ஒரு கணக்கு. ஆயிரம் சதுர மீட்டர் மனை. சதுர அடியில் 10,764. அதில் பழைய நாலு மாடிக் கட்டடம், இருபது குடும்பம். ஆளுக்கு 538 சதுர அடி மண் பங்கு. அதே மனையில் நாற்பது மாடிக் கோபுரம், இருநூறு குடும்பம். ஆளுக்கு 54 சதுர அடி! ‘பத்துக்குப் பதினைந்து’ என்று நாம் ரூம் கணக்குச் சொல்கிறோமே, அது 150 சதுர அடி. மூன்று கோடி கொடுத்து முப்பத்தெட்டாவது மாடியில் இருப்பவருக்குச் சேரும் மண், அந்த ரூமில் மூன்றில் ஒரு பங்குதான்.

மாட்டுங்காவைப் பாருங்கள். 1896இல் பிளேக் வந்து ஊரே நடுங்கிய பிறகு அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அளந்து பிரித்த மனைகள். அகலச் சாலை, மரம், மூன்று மாடி, பல கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. குழாய் ஒழுகும், மரப்படி முனகும். ஆனால் அங்கே விலை கேட்டால் தலை சுற்றுகிறது. சுவருக்கா அந்த விலை? சுவர் என்றைக்கோ செத்துவிட்டது. மண்ணுக்கு, அதில் இன்னும் எவ்வளவு கட்டலாம் என்ற நம்பிக்கைக்கு. புதுக் கோபுரத்தில் அந்த நம்பிக்கையைப் பில்டர் முன்பே கடைசிச் சொட்டு வரை பிழிந்து விற்றுவிட்டார். ஐம்பது வருடம் கழித்து இருநூறு குடும்பம் சேர்ந்து அதை எப்படி மறுபடி கட்டப் போகிறது? எனக்கு விடை தெரியவில்லை. விற்கிறவர்களைக் கேட்டேன், அவர்கள் எனக்குக் காபி கொடுத்தார்கள்.

இங்கே வந்திருக்கும் அணுசக்தி நகர் நண்பர்களுக்காக ஒன்று. முப்பது வருடம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு பிஎஃப் பணத்தையெல்லாம் கொண்டுபோய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நவி மும்பையில் போடுகிறீர்கள். நல்ல ஊர். ஆனால் அங்கே அரசு நிறுவனமான சிட்கோவின் நிலம் பெரும்பாலும் 60 ஆண்டுக் குத்தகை. அதில் எத்தனை ஆண்டு ஓடிவிட்டது, விற்றால் சிட்கோவுக்குப் பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். சிங்கப்பூரில் நம் உறவுக்காரர்கள் இருக்கும் அரசு அடுக்குமாடி வீடுகளும் 99 ஆண்டுக் குத்தகைதான். அங்கே வாங்குகிறவர் முதலில் கேட்பது, மீதி எத்தனை வருடம் என்பதைத்தான்.

கடைசியாக, அக்கம்பக்கம். நாம் இருக்கும் இந்த டிராம்பேயிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாகுல். ரிஃபைனரிகளுக்குப் பக்கத்தில் 72 கட்டடங்கள், பதினேழாயிரத்துக்கு மேல் வீடுகள். தான்சா குழாய் ஓரத்துக் குடிசைகளை இடித்து ஜனங்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அந்தப் பகுதியின் காற்று உடம்புக்கு ஆபத்து என்று 2015 டிசம்பரிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியிருந்தது. 2019இல் மும்பை உயர் நீதிமன்றம், அங்கே போக மறுத்தவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, வேறு வீடு கொடு, இல்லாவிட்டால் மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடு என்றது. காலியாகக் கிடந்த வீடுகளை மாநகராட்சி பிறகு தன் ஊழியர்களுக்கே விற்கப் பார்த்தது. 225 சதுர அடி, 12 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். செம்பூரில் அந்தப் பணத்துக்குச் சமையலறைகூட வராது. அப்படியும் ஆள் வரவில்லை! கான்கிரீட் வீடு, லிஃப்ட், குழாய், எல்லாம் இருக்கிறது. மூச்சு விட முடியவில்லை என்ற ஒரே காரணம். 1927இலிருந்து குப்பை கொட்டும் தேவனார் மேடு 2016 ஜனவரியில் பற்றியெரிந்ததே, அந்த வாரம் கோவண்டியிலும் செம்பூரிலும் ஜன்னலைத் திறந்து வைத்து வீடு காட்ட முடிந்த ஏஜென்ட் யாராவது உண்டா?

இதெல்லாம் பில்டரும் அரசாங்கமும் செய்வது. நாம் செய்வது? சொசைட்டி விதிப்படி கட்டடச் செலவில் வருடத்துக்குக் குறைந்தது கால் சதவீதம், பின்னால் வரும் பெரிய வேலைகளுக்கான சிங்கிங் ஃபண்டில் போட வேண்டும், ரிப்பேருக்கு முக்கால் சதவீதம். பொதுக்குழுவில் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். “மெயின்டெனன்ஸ் ஏற்கெனவே ஜாஸ்தி” என்று ஒருவர் எழுந்திருப்பார். கைதட்டல் கேட்கும். சமோசா வரும். தீர்மானம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போகும்.

2001இல் நான் அந்த ஃப்ளாட்டை விற்கவில்லை. நகையை அடகு வைத்துப் படிக்க வைத்தேன். போன வருடம்தான் விற்றேன். வாங்க வந்தது ஒரு சின்னப் பெண், வங்கியில் வேலை, பூர்வீகம் திருநெல்வேலி. இந்த முறை டேப் வரவில்லை. பாத்ரூம் கூரையை ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தாள். ‘டொப்’ என்றது. ஒன்றும் பேசவில்லை. “அங்கிள், சொசைட்டி மினிட்ஸ் புக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்றாள். கொண்டுவந்து கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒன்பது வருடம், ஒன்பது பொதுக்குழு. ஒவ்வொன்றிலும் ரிப்பேர் ஃபண்டை உயர்த்தும் தீர்மானம், ஒவ்வொன்றிலும் ‘ஒத்திவைக்கப்பட்டது’. கீழே செக்ரட்டரி கையெழுத்து.

“இது நீங்கதானே அங்கிள்?” என்று கேட்டாள்.

கேட்ட விலையில் ஏழு லட்சம் குறைத்துச் சொன்னாள். நான் பேரம் பேசவில்லை.